ஒன்றாம் துளையின் குறிப்பு

என் மாமா அப்பாசாமி மண் தின்பார். கேலிக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆற்றுக்கடியிலிருந்து குழாயில் ஏறிவரும் மண்ணில் ஒரு துளி எடுத்து முதலில் விரலிடுக்கில் தேய்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோவார். கடைசியில் முன்பல்லில் வைத்து ஒரு கடி. நறநறவென்றால் வண்டல். வழவழவென்று பல்லில் ஒட்டினால் களி. துப்பிவிட்டு, "எழுது மாப்ள. முப்பத்தாறு அடி. சாம்பக் களி, கொஞ்சம் வண்டலு" என்பார். நான் அதை இங்கிலீஷில் எழுதுவேன். சோதனைக்கு அனுப்பிய அதே மண், மூன்று வாரம் கழித்து, தட்டச்சு செய்த தாளில் அதே பதிலைச் சொல்லும். அவர் பல் சொன்னதைச் சொல்ல அவர்களுக்கு அத்தனை கண்ணாடிக் குடுவைகள் தேவைப்பட்டன.

நான் கணேசமூர்த்தி. அப்பாசாமி என் அக்கா சிவகாமசுந்தரியின் புருஷன். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டவன் நான். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதை நம்பித்தான் மாமா ஆற்றில் துளை போடும் தன் போரிங் கூட்டத்தில் என்னைக் குறிப்பெழுத வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். இங்கிலீஷில் தன் பெயரை மட்டும் போடுவார், அதுவும் பேனா தாளைக் கிழித்துவிடுகிற அழுத்தத்தில். அவர் வாயும் என் கையும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள். அதில் பெரிய பங்கு என்னுடையது என்றுதான் இருபத்தாறு வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா மலாக்காவில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் கிணறு வெட்டினார். சண்டை ஓய்ந்ததும் போரிங் கூட்டத்தில் கயிறு இழுக்கிற கூலியாகச் சேர்ந்து, ஐந்தே வருஷத்தில் கூட்டத்தை மேய்க்கும் மண்டோர் ஆனார். பாலம் கட்டுவதற்கு முன்னால், ஆற்றுக்கடியில் என்ன இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்க வேண்டும். கல் எத்தனை அடியில், களி எத்தனை அடி கனம், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியாமல் தூண் நிறுத்த முடியாது. அதற்காக ஒரு பெரிய இரும்புக் குண்டை முப்பது அங்குலம் தூக்கிப் போட்டுக் கம்பியை மண்ணில் இறக்குவார்கள். ஓரடி இறங்க எத்தனை போடு விழுந்தது என்று எண்ண வேண்டும்.

வேறு கூட்டங்களில் இந்த எண்ணிக்கை காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டே நடக்கும். மாமா குண்டுக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணுவார். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்பார்கள், அவரும் அப்படித்தான். "லாபம்... ரெண்டு... மூணு..." என்றுதான் தொடங்குவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிவிட்டால், "அது போச்சு, எழுதாத" என்பார். தோராயமாக ஒரு எண்ணைப் போடலாமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "தோராயமா பாலத்துல நடப்பியா?" என்று கேட்டார்.

இத்தனையும் இருந்தும், பதினோரு வருஷமாக அவர் அரசாங்க இலாகாவில் நாள்கூலிதான். அதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உறுத்தல். காஜா பெராங்கில் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பை ஒட்டி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே நான்கு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். தண்ணீருக்குப் பொதுக்கிணறு. அக்காவுக்கு இடுப்புவலி வேறு. வேலை நிரந்தரமானால் புக்கிட் பாரு பக்கம் அரசாங்க வீடு கிடைக்கும். குழாயைத் திறந்தால் சமையலறையிலேயே தண்ணீர் கொட்டும். அக்கா அந்த வீட்டை ஒருமுறை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். குழாய் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்பது வரை பார்த்து வைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. சுதந்திரம் எந்தத் தேதி என்று அந்த வருஷ ஆரம்பத்தில் எங்கள் ஊர்த் திடலில்தான் அறிவித்திருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். யாரை நிரந்தரமாக்குவது என்று ஒரு பட்டியல் தயாராவதாகப் பேச்சு. ஜனவரியில் வெளிவரும், அதில் மாமா பெயர் உண்டு என்று எங்களிடம் சொன்னவர் நல்லையா. யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கு மேலதிகாரி. அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் ஒரு நிபந்தனை. மலாக்கா ஆற்றில் புதுப் பாலத்துக்காக ஆறு துளைகள் போட வேண்டும், முப்பதே நாளில். வருஷக் கடைசியில் எங்கள் இலாகாத் துரை கப்பலேறுவதற்குள் அந்தக் குறிப்புகள் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

நவம்பர் முதல் வாரம் வேலை தொடங்கியது. ஊருக்குச் சற்று மேலே, ஆறு வளைகிற இடம். இரண்டு பழைய சரக்குப் படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, முக்காலி நிறுத்தி, துளையைக் கழுவத் தண்ணீர் அடிக்கிற பம்பை ஏற்றினோம். நாலங்குலக் கேசிங் குழாயைத் தண்ணீர் வழியே இறக்கி ஆற்றடியில் ஊன்றினால், அதற்குள்தான் துளையிடுகிற வேலையெல்லாம். முதல் துளை நாலே நாளில் முடிந்தது. எழுபது அடியில் கல் தட்டிவிட்டது. ஆனால் அதற்கு மேலே, அறுபது அடியில், ஒரு மணல் அடுக்கு வந்தது. அதைத் தொட்டதுமே குழாய்க்குள் கறுப்புத் தண்ணீர் தானாகவே ஏறி வந்து பலகையில் வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம். ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா வழக்கம்போல விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"புளிக்குதே" என்றார். துப்பினார். அவ்வளவுதான்.

துளை முடிந்தால் கேசிங் குழாயை உருவிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்வதுதான் வழக்கம். ஆறு தானே மூடிக்கொள்ளும் என்பார்கள். மாமாவும் உருவினார். நாலு நாளில் ஒரு துளை, இருபத்துநாலு நாளில் ஆறும் முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கில் கோட்டைவிட்டவன் போட்ட கணக்கு.

குழாயை உருவிய இரண்டாம் நாள் காலையில் அதிசயம் நடந்தது. ஆற்று ஓரமெல்லாம் இறால். சாதாரண இறால் இல்லை, ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு நீலக் கால் வைத்த ஊடாங் காலா. புல்லைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே, பிடித்தால் ஓடக்கூட இல்லை. எங்கள் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மண்ணெண்ணெய் டின்னில் அள்ளினார்கள். மண்டோருக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது, ஆறே முன்கூட்டி விருந்து வைக்கிறது என்றான் ஒருவன். எல்லோரும் கைதட்டினோம். நான் இரண்டு டின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா பக்கத்துச் செட்டிக் கம்பத்து வீட்டிலிருந்து பிளச்சான் என்கிற இறால் விழுதும் புளியும் வாங்கி வந்து சம்பல் வைத்தாள். உரிக்கும்போதே, "என்னடா தம்பி, ஒன்னுவிடாம எல்லாத்துக்கும் வயித்துல முட்ட இருக்கு" என்றாள். முட்டை இருந்தால் ருசி அதிகம் என்றேன். தெரு முழுக்கக் கொடுத்தோம். மாமாவும் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் தாவூத் வந்தார். அந்த வளைவில் மூங்கில் கூடு போட்டு இறால் பிடிக்கிறவர். அவர் வாப்பா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து துணி விற்க வந்தவர், உம்மா மலாய்க்காரி. தன் சம்பான் படகை எங்கள் பலகையில் மெதுவாக இடித்து நிறுத்திவிட்டு, ஏறாமல் நின்றுகொண்டே பேசினார்.

"மண்டோரண்ணே, ஒங்க ஆளுங்க அள்ளுனாங்களே ஊடாங், அது சும்மா மேல வரல. மாபோக். மயக்கம். தண்ணியில மூச்சுக்கு ஒன்னும் இல்லன்னாத்தான் அது கரைக்கு வரும். என் கூடு பதினாலுலயும் செத்துக் கெடக்கு. முட்டையோட செத்துக் கெடக்கு."

"ஆத்துல ஆயிரம் குப்ப விழுது. அதுக்கு நாங்கதான் கெடைச்சமா?" என்று நான் எகிறினேன்.

தாவூத் என் பக்கம் திரும்பவே இல்லை. "மழ மாசத்துலதான் அண்ணே அதுங்க மேலேருந்து எறங்கும், முட்டையத் தூக்கிக்கிட்டு. கீழ உப்புத் தண்ணியிலதான் குஞ்சு வுடும். போற வழியில இந்த வளைவுலதான் தங்கும். இந்த மாசம் அழிஞ்சா அடுத்த வருசத்துக்கு ஒன்னுமில்ல. இங்க ஒம்போது குடும்பம் இருக்கோம். நீங்க இன்னும் அஞ்சு ஓட்ட போடப் போறீங்கன்னு சொன்னாங்க. அதான் கேக்க வந்தேன்."

மாமா பம்பை நிறுத்தச் சொன்னார். தாவூதின் சம்பானில் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன். எட்டாம் பிறை சமயம், கடல் ஏற்றமும் வற்றமும் குறைந்து தண்ணீர் குளம்போலக் கிடந்தது. முதல் துளை போட்ட இடத்துக்குப் போனோம். அங்கே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சோறு கொதிக்கிற அளவுக்குக்கூட இல்லை, சின்னச் சின்னக் குமிழி. அதைச் சுற்றிக் கறுப்பு பரவியிருந்தது. அந்த நாற்றம். மாமா கையால் அள்ளி நாக்கில் வைத்தார். வெகுநேரம் துப்பாமல் இருந்தார்.

"நம்ம தொள" என்றார். "கீழ இருந்த தண்ணிக்கு வழி தொறந்து வுட்டுட்டேன். ராவும் பகலுமா ஏறிக்கிட்டு இருக்கு. அன்னைக்கே புளிச்சுது மாப்ள. துப்பிட்டுப் போயிட்டேன்."

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. நேற்று நாங்கள் விருந்து என்று தின்றது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் மறுநொடியே, முப்பது நாளில் ஆறு நாள் போய்விட்டதே என்றும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

மாமா அன்று மாலையே நல்லையாவைப் போய்ப் பார்த்தார். துளையை மூட மூன்று நாள் வேண்டும் என்றார். இனி போடுகிற துளைகளையும் மூடிக்கொண்டேதான் வருவேன், கழுவி வருகிற சேற்றுத் தண்ணீரையும் ஆற்றில் விடமாட்டேன், அதனால் நாள் கூடும் என்றார். நல்லையா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன காணும் கதைக்கிறீர்? ஆத்தில நாலு இறால் செத்ததுக்கு மூண்டு நாளோ? உம்மட பேரைப் போடச் சொல்லி துரையிட்ட கதைச்சது நான். இப்ப பிந்திப்போனா நான் என்னெண்டு அவற்ற முகத்தில முழிக்கிறது?"

"தொறந்து வுட்டது நானுங்கய்யா. மூடிட்டு வந்துர்றேன்" என்றார் மாமா. நல்லையா கையை விரித்துவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் மனிதர்.

மூடுவது என்றால் லேசா? நாலங்குலத் துளை, பன்னிரண்டடித் தண்ணீருக்கடியில், கறுப்புச் சேற்றில். முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கேசிங் குழாயை அதே வாயில் நிறுத்தி மறுபடி கீழே வரை இறக்க வேண்டும். மேலேயிருந்து குருட்டாம்போக்கில் குத்திப் பார்த்தோம். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. குழாய் பக்கத்து மண்ணில் இறங்கியதே தவிர துளையில் இறங்கவில்லை. தாவூத் மூழ்கிப் பார்த்தார். அடியில் எல்லாமே கொழகொழவென்று இருக்கிறது, எது துளை என்று தெரியவில்லை என்றார். மாமா சட்டையைக் கழற்றினார்.

"மாமா, ஒங்களுக்கு நீச்சலே தெரியாதே" என்றேன்.

"நீந்தவா போறேன்? எறங்கி ஏறப் போறேன்."

கேசிங் குழாயை ஆற்றில் செங்குத்தாக நிறுத்தி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இடுப்பில் கயிறு. மறுமுனை என் கையில். இரண்டு முறை இழுத்தால் தூக்கு, ஒருமுறை இழுத்தால் சும்மா இரு என்று ஏற்பாடு. தலை மறைந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். எனக்குத் தெரியாமலே லாபம் என்றுதான் தொடங்கியிருக்கிறேன். நாற்பது வந்ததும் கயிறு இரண்டு முறை இழுபட்டது. தூக்கினோம். கண் சிவந்து, இருமி இருமி, மறுபடி இறங்கினார். இப்படி ஒன்பது முறை. பத்தாம் முறை நாற்பத்தைந்து எண்ணியும் கயிறு அசையவில்லை. ஐம்பது. அக்கா முகம்தான் கண்முன் வந்தது. "தூக்குங்கடா" என்று கத்தினேன். அதற்குள் கயிறு ஒரே ஒருமுறை இழுபட்டது. சும்மா இரு.

குழாய் மெல்ல அசைந்தது. ஒரு சாண் நகர்ந்தது. பிறகு, நாங்கள் யாரும் தொடாமலே, சரசரவென்று இரண்டடி கீழே இறங்கியது. வாயில் உட்கார்ந்துவிட்டது. மாமா மேலே வந்தபோது நிற்க முடியவில்லை. பலகையில் குப்புறப் படுத்து வாந்தியெடுத்தார். "கால்ல சில்லுன்னு பட்டுச்சு" என்றார். "ஆத்துத் தண்ணி வெதுவெதுப்பு, அது சில்லுன்னு இருந்துச்சு. கால் கட்டவெரல அதுல வச்சுக்கிட்டு கொழாய இழுத்தேன்." அவர் நெற்றியில் விபூதி இருந்த இடத்தில் கறுப்புச் சேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாவூத் தன் தோள்துண்டால் அதைத் துடைத்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பம்புக்காரனை இரண்டு திட்டு திட்டினேன்.

பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து இறுகிய களிமண் வந்தது. கொழுக்கட்டை அளவுக்கு உருட்டி, நிழலில் வாட்டி, குழாய் வழியே போட்டுக் கம்பியால் இடித்தோம். ஐந்தடி அடைத்ததும் குழாயை ஐந்தடி உருவ வேண்டும். மறுபடி உருண்டை. மறுபடி இடி. உருண்டை பிடிக்கிற வேலைக்கு மாமா யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆற்றோரத்து ஒன்பது குடும்பத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் குமிழி நின்றது. மாமா அதே இடத்தில் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். லேசாக உப்புக் கரித்தது. ஆற்றுத் தண்ணீர்.

மிச்சம் ஐந்து துளைகளை அவர் போட்ட விதத்தை அதற்கு முன் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். குழாய்த் தலையில் ஒரு மூக்கு வைத்து, வழிகிற சேற்றுத் தண்ணீரை வரிசையாக மூன்று டிரம்களில் விட்டார். முதல் இரண்டில் சேறு படியும். மூன்றாவதில் தெளிந்த தண்ணீரையே பம்பு மறுபடி இழுத்துக்கொள்ளும். படிந்த சேற்றைத் தாவூதின் சம்பானில் ஏற்றி, கரையிலிருந்து தள்ளிக் குழி வெட்டிக் கொட்டினோம். களி சீக்கிரம் படியாது. அது படிகிற வரை பம்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணெய் ஒழுகுகிற பம்புக்கடியில் தேங்காய் மட்டை பரப்பி வைத்தார். மணல் அடுக்கு நெருங்குகிறது என்று பல்லில் தெரிந்ததும் வேலையை நிறுத்தி, குழாயை இன்னும் ஆழமாக இறக்கி இறுக்கிவிட்டுத்தான் தொடுவார். துளை முடிந்ததும் அடியிலிருந்து வாய் வரை உருண்டை. என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு அது நரகம். நல்லையா இரண்டு தடவை வந்து, டிரம்களைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போனார். மூன்றாம் தடவை வந்தபோது டிரம்மில் கையைவிட்டுத் தெளிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். ஆறாவது துளை முடிந்தபோது கெடு தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

குறிப்புத் தாளில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. தாமதம் ஏன் என்று எழுத வேண்டும். நான் பேனாவைத் திறந்து, "மழ, ஆத்துல வெள்ளம்னு போட்டுர்றேன் மாமா. நவம்பர்ல யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"வெள்ளமா? எங்க வந்துச்சு?" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "எழுது. ஒன்னாம் தொளைய அடைக்காம கொழாய உருவிட்டேன். கீழேருந்து புளிச்ச தண்ணி ஏறி ஆத்துல எறா செத்துச்சு. தப்பு மண்டோரு அப்பாசாமியோடது. அப்புறம் களிமண்ணு உருண்ட போட்டு இன்ன மாதிரி அடைச்சோம். எல்லாத்தையும் எழுது. மணலு எத்தன அடின்னும் எழுது."

நான் பேனாவை மூடிவிட்டேன். "இத எழுதிட்டு பட்டியல்ல பேரு வரும்னு நெனைக்கிறீங்களா? அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா? கெணத்துல இன்னும் எத்தன வருசம் தண்ணி எறைக்கும்?"

"இந்த மெசினு அடுத்து லிங்கி ஆத்துக்குப் போவுது. அங்கயும் இதே களி, இதே மணலு இருக்கும். போறவன் நம்ம காயிதத்தப் பாத்துட்டுத்தான் போவான். வெள்ளம்னு எழுதி வச்சா அவனும் உருவிட்டுப் போயிருவான். என் ஆறு தொளையையும் நான் மூடிட்டேன். அவன் போடுற தொளைய எப்படி மூடுறது?"

நான் எழுதமாட்டேன் என்று எழுந்துவிட்டேன். "சரி, நீ எழுதலன்னா நான் தமிழ்ல எழுதி வைக்கிறேன், படிக்கத் தெரிஞ்சவன் படிக்கட்டும்" என்று பேனாவைக் கையில் வாங்கினார். அவர் தாளைக் கிழித்துவிடுவார் என்று பிடுங்கி நானே எழுதினேன். எவ்வளவு பொடியாக எழுத முடியுமோ அவ்வளவு பொடியாக. அவர் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் பெயர் மட்டும் ஒரு மைல் தூரத்துக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் நான் தெருவெல்லாம் புலம்பினேன். எங்கள் மாமா வெள்ளந்தி, உலகம் தெரியாதவர், தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டார், எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரியவே இல்லை என்று கண்டவரிடமெல்லாம் சொன்னேன். தாவூதின் கூட்டில் மறுபடி இறால் விழத் தொடங்கியது. பழைய அளவு இல்லை, ஆனால் விழுந்தது. எனக்கு அதுகூடச் சமாதானமாக இல்லை.

ஜனவரிக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். பதினோரு மண்டோர்கள். மாமா பெயர் இல்லை. ஏழே வருஷம் வேலை பார்த்த ஒருவர் பெயர் இருந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே நாலு தடவை படித்துவிட்டு, சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தேன். அக்கா கிணற்றடியில் இருந்தாள். "போச்சுக்கா. வரல. அந்த ஒரு வரியால வந்த வென. அந்த மனுசனுக்கு ஒன்னுமே புரியல" என்று கத்தினேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்டா, தம்பி."

"என்ன தெரியும்?"

"டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழம நல்லையா ஐயா வீட்டுக்கு வந்தாரு. நீ சினிமாவுக்குப் போயிட்ட. அந்தத் தாளக் கையில வச்சிருந்தாரு. இன்னும் துரைக்கிட்ட குடுக்கல, இந்த வரிய மட்டும் எடுத்துட்டு வேற தாளு எழுதிக் குடு, பேரு பட்டியல்ல இருக்கும், இல்லன்னா இருக்காது, ரெண்டுல ஒன்னு சொல்லுன்னாரு. நல்ல மனுசன். கெஞ்சுற மாதிரி கேட்டாரு. ஒங்க மாமா பேசல. என்னைப் பாத்தாரு. அந்த வீட்டுக் கொழாயி மேல எனக்கு எவ்ளோ ஆசைன்னு அவருக்குத் தெரியுமே, அதான் அவரால வாயத் தொறக்க முடியல. நான்தான் சொன்னேன். இருக்கட்டும் ஐயா, அந்தத் தாளே போகட்டும்னு. நல்லையா ஐயா டீயக்கூட முழுசா குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கத்துவ" என்றாள் அக்கா. வாளியை எடுத்து மறுபடி கிணற்றில் விட்டாள்.

எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். என்ன போகும் என்று ஒருவர் வந்து வாசலில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்ன பிறகும் செய்திருக்கிறார்கள். தெரு முழுக்க வெள்ளந்தி என்று நான் தண்டோரா போட்ட மனிதர், அத்தனையையும் கேட்டுக்கொண்டு, தினமும் என்னோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா கையிலிருந்து கயிற்றை வாங்கி நான் இறைத்தேன். அவளும் தடுக்கவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். கால் கழுவிக்கொண்டே, "பட்டியலு வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வந்துருச்சு மாமா."

என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நாளக் கழிச்சு மெசினு லிங்கிக்குப் போவுதே. நம்ம காயிதம் அந்த மண்டோரு கையில போய்ச் சேந்துச்சா? கேட்டியா?"

நான் கேட்கவில்லை. அந்தத் தாள் துரையின் மேசைக்குப் போனதா, எந்த அலமாரியில் தூங்குகிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. பட்டியலைப் பற்றித் தவிர வேறு எதைப் பற்றியும் நான் ஒன்றரை மாதமாக யோசித்திருக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் படகில் இருந்தபோது நான் எழுதிவந்த பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றாம் துளையின் குறிப்பை முதலிலிருந்து நகலெடுத்தேன். விடிந்ததும் சைக்கிளில் பத்து பெரெண்டாமில் இருந்த இலாகாக் கிடங்குக்குப் போய், லிங்கிக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்த மண்டோரைத் தேடிப்பிடித்து அவர் கையில் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தில் மாமா சொன்னது முழுவதையும், அவர் பெயரோடு சேர்த்து, சிவப்பு மையில் பெரிய எழுத்தாக எழுதியிருந்தேன்.